நிக்கோமீடியாவின் தீயணைப்புச் சங்கமும் மிலான் ஆணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரோமானியப் பேரரசைப் பற்றி வெளிவரும் தொடர் கட்டுரையை முதல் வாரத்திலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ரோமானியரின் நீர்ப்பாலங்களையும் படையணிகளையும் வரி முறையையும் இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கிறித்தவம் பரவிய வரலாற்றைச் சொன்ன பகுதி என்னை வருந்தச் செய்தது. கி.பி. 313இல் மிலான் ஆணையின் மூலம் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறித்தவத்தை அரச மதமாக்கினார் என்றும், அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி என்பதற்கேற்ப மக்களும் மதம் மாறினர் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அதை மறுத்து அடுத்த வாரம் வெளியான வாசகர் கடிதமோ, முந்நூறு ஆண்டுகள் ஒரு நாளும் ஓயாமல் வேட்டையாடப்பட்ட மக்களின் மதம் அது என்று உணர்ச்சி மேலிட எழுதியிருந்தது. இரண்டிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆயினும் இரண்டையும் நம்பும் மாணவர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பது கடைசிவரை விளங்காமலே போய்விடும் என்பதால்தான் இதைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். 313ஆம் ஆண்டின் ஆணை எந்த மதத்தையும் அரச மதமாக்கவில்லை. கிறித்தவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் அவரவர் விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத்தான் அது வழங்கியது. கிறித்தவத்தை, அதிலும் அதன் ஒரு குறிப்பிட்ட கோட்பாட்டை மட்டும், குடிமக்கள் அனைவரும் ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டவர் பேரரசர் தியோடோசியஸ். தெசலோனிக்கா நகரிலிருந்து அவர் அந்த ஆணையைப் பிறப்பித்த நாள் 380 பிப்ரவரி 27. இரண்டுக்கும் நடுவே 67 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மூப்படைந்து மறையும் காலத்தை ஒரே வரியில் விழுங்கிவிட்டால், சமய உரிமை வழங்கிய ஆணையும் அதைப் பறித்த ஆணையும் ஒன்றாகிவிடுகின்றன. இதைச் சிறிய பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பேரரசு முழுவதையும் ஒரே வீச்சில் பார்க்க முயல்வதால்தான் இத்தகைய தடுமாற்றங்கள் நேருகின்றன என்று நினைக்கிறேன். வகுப்பில் நான் வேறு வழியைக் கையாண்டேன். ஒரே ஒரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே இருநூற்றைம்பது ஆண்டுகளில் என்னென்ன நடந்தன என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்வேன். அந்த மாகாணம் பித்தினியா. இன்றைய துருக்கியின் வடமேற்கில், மர்மரா கடலையும் கருங்கடலையும் ஒட்டிய பகுதி அது. நிக்கோமீடியாவும் நிசேயாவும் அதன் தலைசிறந்த நகரங்கள். அவை இன்று இஸ்மித் என்றும் இஸ்னிக் என்றும் வழங்குகின்றன. ரோமானிய அரசும் கிறித்தவமும் முதலில் எதிரெதிரே நின்றது, பிறகு மோதிக்கொண்டது, இறுதியில் கைகோத்தது ஆகிய மூன்றையும் இந்த ஒரு மாகாணத்திலேயே காணலாம்.

கி.பி. 110ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேரரசர் டிராஜன், பித்தினியா-பொந்துஸ் மாகாணத்துக்கு இளைய பிளினியை ஆளுநராக அனுப்பினார். இயற்கை வரலாறு எழுதிய மூத்த பிளினியின் சகோதரி மகன் இவர். எந்தச் சிக்கல் வந்தாலும் பேரரசருக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்பது இவர் வழக்கம். அந்தக் கடிதங்களும் பேரரசரின் மறுமொழிகளும் இன்றும் கிடைப்பது வரலாறு படிப்பவர்களுக்கு வாய்த்த பெரும் பேறு. நிக்கோமீடியாவில் ஏற்பட்ட பெருந்தீயைப் பற்றி ஒரு கடிதத்தில் அவர் எழுதுகிறார்: பல வீடுகளும், முதியோர் அவைக் கட்டடமும், ஐசிஸ் தெய்வத்தின் கோயிலும் எரிந்துபோயின. மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றனர். ஊரில் தண்ணீர் பீச்சும் கருவி இல்லை, வாளி இல்லை, தீயணைக்க ஒரு பொருளும் இல்லை. ஆகவே 150 பேருக்கு மிகாமல் தொழிலாளர் சங்கம் ஒன்றை அமைத்துத் தீயணைக்கும் பணியை ஒப்படைக்கலாமா என்று கேட்கிறார். அவர்களைக் கண்காணிப்பது கடினமாக இராது என்றும் முன்கூட்டியே உறுதி தருகிறார்.

டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரைச் சூட்டினாலும், எந்த நோக்கத்துக்காகக் கூட்டினாலும், ஒன்றாகச் சேர்ந்தவர்கள் விரைவிலேயே அரசியல் கூட்டமாக மாறிவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வாளிகளையும் கருவிகளையும் வாங்கி வைத்து, வீட்டுக்காரர்களையே பயன்படுத்திக்கொள்ளும்படி அறிவுரை கூறினார். ரோமானிய அரசின் உள்ளச்சத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணத்தை நான் படித்ததில்லை. தீயை அணைக்க 150 பேர் கூடுவதற்கே அஞ்சிய அரசு அது. மக்கள் எந்தத் தெய்வத்தை வணங்குகிறார்கள் என்பதைவிட, தன் அனுமதியின்றிச் சங்கம் சேருகிறார்களா என்பதே அதற்குப் பெரிய கவலையாக இருந்தது. கிறித்தவர்கள் ரோமானியரின் கண்ணை உறுத்தியதை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் பிளினியின் அடுத்த கடிதம் விளங்கும்.

சுமார் 112ஆம் ஆண்டு எழுதப்பட்ட அக்கடிதத்தில், கிறித்தவர்கள் என்று குற்றம் சாட்டிப் பலரைத் தன் முன் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகவும், இத்தகைய விசாரணையில் தான் முன்பு கலந்துகொண்டதில்லை என்றும் பிளினி சொல்கிறார். அந்தப் பெயரைத் தாங்குவதே குற்றமா, அல்லது அந்தப் பெயரோடு சேர்ந்த தீச்செயல்கள்தாம் குற்றமா என்று அவருக்குக் குழப்பம். ஒவ்வொருவரையும் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் ஆம் என்றவர்களைக் கொல்ல அனுப்பினார். ரோமானியக் குடியுரிமை பெற்றவர்களாயின் ரோமுக்கு அனுப்பக் குறித்துவைத்தார். மறுத்தவர்களைச் சோதிக்க, பேரரசரின் உருவச் சிலையைக் கொண்டுவரச் செய்து, அதன்முன் மதுவும் நறும்புகையும் படைக்கவும் கிறிஸ்துவைப் பழிக்கவும் சொன்னார். மதுவும் நறும்புகையும் என்ற இந்த இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

விசாரணையில் தெரியவந்தது என்ன? ஒரு குறிப்பிட்ட நாளில் பொழுது விடியும் முன்பு கூடுவார்களாம். கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதி முறைவைத்துப் பாடுவார்களாம். திருடுவதில்லை, கொள்ளையிடுவதில்லை, பிறன்மனை நாடுவதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும்போது இல்லை என்பதில்லை என்று உறுதிமொழி எடுப்பார்களாம். பிறகு கலைந்து சென்று, மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்பார்களாம். சங்கங்களுக்குத் தடை விதித்து ஆளுநர் அறிவிப்பு வெளியிட்டபின் அந்த உணவுக் கூட்டத்தைக்கூட நிறுத்திவிட்டார்களாம். தீயணைப்புச் சங்கத்தைத் தடுத்த அதே அச்சம்தான் இந்த எளிய பந்தியையும் கலைத்தது.

உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ய நேர்ந்தது என்று பிளினி கூசாமல் எழுதுகிறார். தங்கள் கூட்டத்தில் அவர்கள் திருத்தொண்டர் என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்கள் பெயரை அவர் குறிக்கவில்லை. அடிமைப் பெண்ணின் பெயரைப் பேரரசருக்கு எழுதும் கடிதத்தில் குறிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஆனால் கிறித்தவத்தைப் பரப்பியது யார் என்ற கேள்விக்கு அந்தப் பெயரில்லாத இருவரிடம் இருக்கும் விடை, கட்டுரையில் பக்கம் பக்கமாகப் பேசப்படும் பேரரசர்களிடம் இல்லை. கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, நகரங்களில் மட்டுமல்லாமல் சிற்றூர்களிலும் வயல்வெளிகளிலும் இது பரவிவிட்டதாகவும், எல்லா வயதினரும் எல்லாத் தரத்தினரும் ஆண்களும் பெண்களும் இதில் இருப்பதாகவும் பிளினி முறையிடுகிறார். கோயில்கள் ஏறக்குறைய வெறிச்சோடிப் போயிருந்தன, பலி இறைச்சியை வாங்க ஆள் கிடைப்பதே அரிதாயிருந்தது, தன் நடவடிக்கைக்குப் பின்புதான் நிலைமை திரும்புகிறது என்கிறார். ஓர் ஆளுநர் தன் திறமையைக் காட்டச் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிறித்தவத்தை விட்டு விலகிவிட்டதாகச் சொன்னவர்களும் அந்த விசாரணையில் இருந்தார்கள் என்பதிலிருந்து, முதல் நூற்றாண்டிலேயே அது அங்கே வேர் விட்டிருந்தது என்பது உறுதி.

அங்கே அதைக் கொண்டுசென்றவர் யார்? திருத்தூதர் பவுல் அல்ல. பித்தினியாவுக்குப் போக அவர் முயன்றதாகவும் தடுக்கப்பட்டு வேறு திசையில் சென்றதாகவும் திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரமே கூறுகிறது. ஆனால் பேதுருவின் முதல் திருமுகம் யாருக்கு எழுதப்பட்டதோ அந்தப் பகுதிகளின் பட்டியலில் பொந்துஸும் பித்தினியாவும் இருக்கின்றன. பேர்பெற்ற தூதர் எவரும் சென்றதாகக் குறிப்பில்லாத ஓரிடத்தில் சில பத்தாண்டுகளுக்குள் கோயில்கள் வெறிச்சோடும் அளவுக்கு ஒரு சமயம் வளர்ந்தது என்றால், அதை வளர்த்தவர்கள் வணிகர்கள், கைவினைஞர்கள், அடிமைகள், வீட்டுப் பெண்கள் என்ற முடிவுக்கே நாம் வர வேண்டியிருக்கிறது.

அத்தகைய ஒரு குடும்பத்தின் பெயரைப் புதிய ஏற்பாடே நமக்குத் தருகிறது. பொந்துஸில் பிறந்த யூதரான ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள். பேரரசர் கிளாடியஸ் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபோது அவர்கள் கொரிந்து நகருக்கு வந்தார்கள். அங்கே அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பிறகு எபேசுவுக்குப் போனார்கள். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் பவுல் வாழ்த்துச் சொல்லும்போது, மீண்டும் ரோமில், தங்கள் வீட்டிலேயே ஒரு சபையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கையில் ஊசியும் தோலும், தங்குவதற்கு வாடகை வீடு, போகும் இடமெல்லாம் புரியும் கிரேக்க மொழி, ஓரளவு அச்சமின்றிப் பயணம் செய்யக் கூடிய சாலைகளும் கடல்வழிகளும் ஆகியவைதாம் அவர்களுக்கு இருந்த வசதிகள். இவற்றுள் சாலைகளும் கடல்வழிகளும் பேரரசின் காலம் தந்தவை. பேரரசுக்கு உரிய பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் படைகள் நடக்கப் போட்ட சாலையில் கூடாரத் தொழிலாளர் நடந்தார் என்பதற்காக, அவர் கொண்டுசென்ற செய்தியைச் சாலை போட்டவர் கணக்கில் எழுதிவிட முடியாது.

பிளினியின் கடிதத்துக்கு டிராஜன் எழுதிய மறுமொழி மிகச் சுருக்கமானது. கிறித்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம். முறையாகக் குற்றம் சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்க வேண்டும். மறுத்து நம் தெய்வங்களை வணங்குபவரை மன்னிக்க வேண்டும். பெயரில்லாத மனுக்களுக்கு எந்த வழக்கிலும் இடம் தரக் கூடாது. தேட வேண்டாம் என்பதால் அவர்கள் குற்றமற்றவர்கள், தண்டிக்க வேண்டும் என்பதால் அவர்கள் குற்றவாளிகள், இது என்ன தீர்ப்பு என்று கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன் அந்த நூற்றாண்டின் இறுதியில் கேட்ட கேள்வி இன்றும் நியாயமாகவே ஒலிக்கிறது. ஆயினும் இந்த அரைகுறைக் கொள்கைதான் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 64ஆம் ஆண்டு ரோம் நகரத் தீக்குப் பின் நீரோ நிகழ்த்திய கொடுமை, ஸ்மிர்னாவில் முதியவர் பொலிகார்ப்பின் மரணம், 177இல் லியோன் நகரப் படுகொலை ஆகிய அனைத்தும் உண்மை. ஆனால் அவை அந்தந்த ஊரில், அந்தந்த ஆளுநரின் காலத்தில், பெரும்பாலும் கும்பலின் வெறுப்பு மூண்டபோது நிகழ்ந்தவை. வாசக நண்பர் எழுதியதுபோல் ஓயாத வேட்டை நடந்திருந்தால், பிளினியின் மாகாணத்தில் அப்படி ஒரு பெருக்கம் நிகழ்ந்திருக்காது. இதைச் சொல்வதால் மடிந்தவர்களின் துயரம் குறைந்துவிடாது. எண்ணிக்கையைப் பெருக்கினால்தான் அவர்களுக்குப் பெருமை என்பதும் இல்லை.

பேரரசு முழுவதற்குமான முதல் நெருக்கடி பேரரசர் டெசியஸ் காலத்தில் வந்தது. 249ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பிறப்பித்த ஆணைப்படி, எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும். எகிப்தின் உலர்ந்த மணல் அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை நமக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, 250 ஜூன் 26ஆம் நாளிட்டது. அலெக்சாண்டர் தீவு என்ற சிற்றூரைச் சேர்ந்த அவுரேலியஸ் டயோஜனிஸ், சதாபுஸின் மகன், வயது 72, வலது புருவத்தில் தழும்பு உள்ளவர், தாம் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருப்பதாகவும், இப்போதும் அலுவலர்களின் கண்முன்னே பலியிட்டு, மது வார்த்து, பலி உணவைச் சுவைத்ததாகவும், அதற்குச் சான்று தர வேண்டும் என்றும் மனுச் செய்கிறார். இவர் கிறித்தவர் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. எகிப்தியத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருவர் பெற்ற சான்றிதழும் கிடைத்திருக்கிறது. ஆணை எல்லோருக்குமானது. 72 வயது முதியவரை நிறுத்திவைத்து, புருவத்துத் தழும்பைக் குறித்துக்கொண்டு, நீ வணங்குகிறாயா என்று அரசு கேட்கிறது. வகுப்பில் நான் இதை வாசித்துக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

கிறித்தவர்களில் பலர் அஞ்சிப் பலியிட்டனர். சிலர் பணம் கொடுத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கினர். அவர்களைச் சபையில் மீண்டும் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரும் பூசல் மூண்டது. ஆனாலும் அடுத்த ஆண்டே, 251இல், ரோம் ஆயர் (பிஷப்) கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் வேறொரு காட்சியைக் காட்டுகிறது. ரோம் சபையில் அப்போது 46 மூப்பர்களும் 7 திருத்தொண்டர்களும் இருந்தனர், 1500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியவர்களையும் அந்தச் சபை பராமரித்து வந்தது என்கிறார் அவர். பேரரசின் தலைநகரில், அரசின் உதவியின்றி, அரசின் கோபத்துக்கு நடுவே, 1500 வயிறுகளுக்குச் சோறு போடும் ஏற்பாடு! அதே காலத்தில் பரவிய கொள்ளைநோயில், நோயுற்றவர்களைத் தொட்டுத் தூக்கிக் கழுவி அடக்கம் செய்து, அவர்களோடு தாமும் மடிந்தவர்களைப் பற்றி அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுஸ் எழுதியிருக்கிறார். இவை அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டவைதாமே என்று கேட்பவர்களுக்கு, எதிராளியின் சாட்சியம் ஒன்றும் உண்டு. நூறு ஆண்டுகளுக்குப் பின் பழைய தெய்வ வழிபாட்டை மீட்கப் பாடுபட்ட பேரரசர் ஜூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கலிலேயர்கள் (கிறித்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே, இது நமக்கு வெட்கக்கேடு அல்லவா என்று நொந்துகொள்கிறார். பரவியதற்கான காரணங்களில் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுவது இதுதான்.

எண்ணிக்கை எப்படிப் பெருகியது என்பதற்குச் சமூகவியலாளர் ஒருவர் போட்ட கணக்கு புகழ்பெற்றது. 40ஆம் ஆண்டில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி என்று பெருக்கிக்கொண்டே போனால், 300ஆம் ஆண்டில் 60 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆறு கோடி மக்கள் கொண்ட பேரரசில் அது பத்தில் ஒரு பங்கு. இது தலைக்கணக்கு அல்ல, மதிப்பீடுதான். இருந்தாலும் ஒன்றைத் தெளிவாக்குகிறது: ஆண்டுக்கு நூறு பேருக்கு மூன்று நான்கு பேர் கூடினாலே போதும், அற்புதமோ அரசாணையோ தேவையில்லை. உறவுக்குள்ளும் அண்டை வீட்டுக்குள்ளும் ஒருவர் மூலம் ஒருவருக்குப் போகும் வேகம் அது.

மீண்டும் நிக்கோமீடியாவுக்கு வருவோம். 260ஆம் ஆண்டில் பேரரசர் காலியேனுஸ் அடக்குமுறையை நிறுத்தியபின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அமைதி நிலவியது. அந்த இடைவெளியில் கிறித்தவர்கள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து கட்டடங்கள் எழுப்பினார்கள். பின்னர் வந்த பேரரசர் டயோக்ளீஷியன் அந்நகரைத் தம் தலைநகராகக் கொண்டிருந்தார். அவருடைய அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும்படி, மேட்டுநிலத்தில் ஒரு தேவாலயம் நின்றது. 303 பிப்ரவரி 23ஆம் நாள் பொழுது புலரும் வேளையில் படைவீரர்கள் அதன் கதவை உடைத்து உள்ளே நுழைந்தனர். கடவுளின் சிலையைத் தேடினர். கிடைத்த மறைநூல்களைத் தீயிட்டனர். மற்றவற்றைச் சூறையாடினர். அரண்மனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டயோக்ளீஷியனும் துணைப் பேரரசர் கலேரியஸும், கட்டடத்துக்குத் தீ வைக்கலாமா என்று நெடுநேரம் வாதாடினர். சுற்றிலும் பெரிய வீடுகள் இருந்ததால் தீ நகரத்துக்குப் பரவிவிடும் என்று டயோக்ளீஷியன் அஞ்சினார். ஆகவே கோடரிகளோடு மெய்க்காவல் படை அனுப்பப்பட்டு, சில மணி நேரத்தில் அந்தக் கட்டடம் தரைமட்டமாக்கப்பட்டது. இதை விவரிக்கும் லாக்டான்சியஸ், டயோக்ளீஷியனால் அந்நகரில் சொற்கலை கற்பிக்க அமர்த்தப்பட்டவர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தீயணைப்புச் சங்கம் மறுக்கப்பட்ட அதே ஊரில், தீக்கு அஞ்சிய பேரரசரை இங்கே காண்கிறோம். மறுநாள் ஆணை ஒட்டப்பட்டது. அதைக் கிழித்தெறிந்த ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார்.

கடுமையான அந்தத் துன்புறுத்தல், குறிப்பாகக் கிழக்கு மாகாணங்களில், எட்டு ஆண்டுகள் தொடர்ந்தது. முடிவில் அதைத் தூண்டிய கலேரியஸே நோய்ப் படுக்கையிலிருந்து, இவர்கள் நம் தெய்வங்களையும் வணங்கவில்லை, தங்கள் கடவுளையும் வணங்க முடியவில்லை, ஆகவே மீண்டும் கிறித்தவர்களாக இருக்கட்டும், நமக்காகவும் நாட்டுக்காகவும் தங்கள் கடவுளிடம் வேண்டட்டும் என்று ஆணையிட்டார். அதுவும் நிக்கோமீடியாவில்தான், 311 ஏப்ரல் 30ஆம் நாள் வெளியிடப்பட்டது. கான்ஸ்டன்டைன் மில்வியன் பாலத்துப் போரில் வெல்வதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, வாள் தோற்றுவிட்டதை வாள் ஏந்தியவரே ஒப்புக்கொண்டார். நாம் மிலான் ஆணை என்று சொல்வதும், கான்ஸ்டன்டைனும் மற்றொரு பேரரசரான லிசினியஸும் மிலானில் எட்டிய உடன்பாட்டை லிசினியஸ் பித்தினியா ஆளுநருக்குக் கடிதமாக எழுதி, 313 ஜூன் 13ஆம் நாள் நிக்கோமீடியாவில் வெளியிட்ட வடிவில்தான் லாக்டான்சியஸ் மூலம் நமக்குக் கிடைத்திருக்கிறது. பறிக்கப்பட்ட இடங்களைத் தனி மனிதர்களுக்கு அல்லாமல் கிறித்தவர்களின் அமைப்புக்கே விலையின்றித் திருப்பித் தர வேண்டும் என்று அது சொல்கிறது. 150 பேர் சேரும் சங்கத்துக்கு அஞ்சிய அரசு, தான் அனுமதிக்காமலே வளர்ந்துவிட்ட ஒரு பெருஞ்சங்கத்தைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்ட நாள் அது.

கான்ஸ்டன்டைனின் பங்கு சிறியது என்று நான் சொல்ல வரவில்லை. குருமார்களுக்குக் கட்டாய ஊர்ப்பணிகளிலிருந்து விலக்கு அளித்தார், மாபெரும் ஆலயங்களைக் கட்டினார், 321இல் ஞாயிற்றுக்கிழமையை நீதிமன்றங்களுக்கும் நகரத் தொழில்களுக்கும் ஓய்வுநாளாக்கினார். அதன்பின் வந்தவர்களில் பலர் ஆதாயம் கருதியே வந்தனர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அவரும் அடியெடுத்து வைத்தது தயங்கித் தயங்கித்தான். 315இல் ரோமில் அவருக்காக எழுப்பப்பட்டு இன்றும் நிற்கும் வளைவின் கல்வெட்டு, தெய்வத்தின் தூண்டுதலால் வென்றார் என்று மட்டும் சொல்கிறது. எந்தத் தெய்வம் என்று சொல்லவில்லை. அவருடைய நாணயங்களில் சூரியக் கடவுள் பல ஆண்டுகள் நீடித்தார். திருமுழுக்கை அவர் பெற்றது 337இல், சாகும் தறுவாயில், நிக்கோமீடியாவின் புறநகரில், அந்நகர ஆயர் யூசிபியஸின் கையால்.

அதற்கு முன் 325இல், பித்தினியாவின் மற்றொரு நகரமான நிசேயாவில் அவர் ஆயர்களைக் கூட்டினார். அரசின் அஞ்சல் வண்டிகளும் பொதிவிலங்குகளும் அவர்களுடைய பயணத்துக்குத் தரப்பட்டன. அந்த ஆண்டு, தம் ஆட்சியின் இருபதாம் ஆண்டை ஒட்டிப் பேரரசர் அவர்களுக்கு விருந்தளித்தார். உருவிய வாளோடு மெய்க்காவலர் வாயிலைச் சூழ்ந்து நிற்க, கடவுளின் மனிதர்கள் அவர்கள் நடுவே அச்சமின்றி உள்ளறைவரை நடந்து சென்றதாக, செசரியா நகர ஆயரான மற்றொரு யூசிபியஸ் வியந்து எழுதுகிறார். அங்கே இருந்தவர்களில் சிலர் இருபது ஆண்டுகளுக்கு முன் அதே அரசின் கையால் வடுப்பட்டவர்கள் என்று அடுத்த தலைமுறை வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த வாள்கள் உறைக்குள் போய்விடவில்லை என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த ஆயர் கூட்டத்தின் முடிவை ஏற்க மறுத்த ஆரியுஸ் என்ற மூப்பரை நாடு கடத்தியது அரசாணைதான்.

இதன் தொடர்ச்சியைத் தங்கள் கட்டுரை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. 384இல் ரோம் நகர ஆட்சித் தலைவர் சிம்மாக்குஸ், மேலவையிலிருந்து அகற்றப்பட்ட வெற்றித் தெய்வத்தின் பலிபீடத்தைத் திருப்பி வைக்கும்படி பேரரசரிடம் முறையிட்டார். அத்தனை பெரிய மறைபொருளை ஒரே வழியால் மட்டும் சென்றடைய முடியாது என்பது அவர் வாதம். மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்தார், முறையீடு தள்ளப்பட்டது. 392 நவம்பரில் தியோடோசியஸ் பிறப்பித்த சட்டமோ, பலியை மட்டுமல்லாமல், ஒருவர் தம் வீட்டுக்குள்ளே குலதெய்வத்துக்கு விளக்கேற்றுவதையும், மது வார்ப்பதையும், நறும்புகை இடுவதையும், மாலை தொங்கவிடுவதையும் தடை செய்தது. பிளினி கிறித்தவர்களின் முன்னே மதுவையும் நறும்புகையையும் வைத்து, படைக்காவிட்டால் சாவு என்று சொல்லி அப்போது ஏறக்குறைய 280 ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது அதே மதுவையும் நறும்புகையையும் படைத்தால் குற்றம். வீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பவர் என்ன வணங்குகிறார் என்று கேட்கும் அரசின் பழக்கம் மாறவில்லை. கேள்வியின் விடை மட்டும் தலைகீழாகியிருந்தது. துன்புறுத்தலின் வலியைத் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டு வளர்ந்திருக்கக் கூடிய ஒரு சமூகம் இதை ஏற்றுக்கொண்டதே என்ற வேதனை, எத்தனை முறை இந்தப் பாடத்தை நடத்தினாலும் எனக்குத் தீர்ந்ததில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. தொடர் கட்டுரை நூலாக வரும்போது, 313ஆம் ஆண்டுக்கு எதிரே 'அரச மதம்' என்று இருப்பதை 'அனைவருக்கும் சமய உரிமை' என்று திருத்தி, அரச மதம் என்ற சொல்லை 380ஆம் ஆண்டுக்கு எதிரே இடும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கான்ஸ்டன்டைனின் சிலைப் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில், பிளினியின் விசாரணை மண்டபத்தில் நின்ற அந்த இரண்டு அடிமைப் பெண்களைப் பற்றிப் பத்து வரிகளாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்